‘கிறீம் ஒரு கப்’: எந்தக் கிறீம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் ஞாயிறு இதழின் சமையற் பகுதியில் கேக், சூப், இறைச்சிக் கறி எதுவாயினும், சேர்மானப் பட்டியலில் ‘கிறீம் ஒரு கப்’ என்று மட்டுமே அச்சாகிறது. அதை நம்பிப் பேத்தியின் பிறந்தநாள் கேக்குக்காகத் தகரத்தில் அடைத்த கிறீமை வாங்கி அரை மணி நேரம் அடித்தேன். கை ஓய்ந்ததே தவிர, கிறீம் பொங்கவில்லை.

கிறீம் வகைகளைப் பெரும்பாலும் வேறுபடுத்துவது கொழுப்பின் அளவே. பிரித்தானிய வழக்கப்படி சிங்கிள் கிறீமில் குறைந்தது 18, விப்பிங் கிறீமில் 35, டபுள் கிறீமில் 48 சதவீதம் கொழுப்பு இருக்கும். கிருமி நீக்கித் தகரத்தில் அடைப்பதற்கோ 23 போதும். அடிக்கும்போது உட்புகும் காற்றுக் குமிழிகளைச் சுற்றிக் கொழுப்புத் துணிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டி நின்றால்தான் கிறீம் பொங்கி நிற்கும் என்பதால், அதற்குச் சுமார் 30 சதவீதக் கொழுப்பும் நல்ல குளிரும் தேவை. திருகோணமலையின் ஆனி, ஆடி வெயிலில் பாத்திரத்தையும் அடிகம்பியையும்கூடக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தெடுப்பது நல்லது. அளவுக்கு மிஞ்சி அடித்தால் வெண்ணெய் திரண்டுவிடும். அதைக் கொட்ட வேண்டியதில்லை, பாணுக்குப் பூசலாம்.

‘விப்பிங்’ என்ற பெயரோடு விற்கப்படும் சில பொதிகளில் பாற்கொழுப்புக்குப் பதிலாக முள்ளுத்தேங்காய் (பாம்) விதை எண்ணெயும் சீனியுமே இருக்கின்றன. கேக்கின் மேல் அது வெக்கையைச் சற்றுத் தாங்கும். தக்காளி சூப்பில் விட்டால் பாயசம்தான்.

சூப்பில் வேறொரு சிக்கலும் உண்டு. கொழுப்புக் குறைந்த கிறீமைப் புளிப்போடு கொதிக்க விட்டால் பாற்புரதம் திரைந்துவிடும். ஆகையால், அடுப்பை அணைத்து, ஓரகப்பைச் சூட்டுச் சூப்பை முதலில் கிறீமோடு கலந்து, பின்னர் சட்டியில் ஊற்ற வேண்டும். தேங்காயின் நீர்த்த கப்பிப்பாலில் கறியை வேகவிட்டு, கெட்டியான முதற்பாலை இறக்கும் வேளையில் விடும் நம் வீட்டுப் பெண்களுக்கு இது புதிதல்ல. கிறீம் கிடையாத நாளில் அந்த முதற்பாலே சூப்புக்குத் தாராளமாகப் போதும். தேங்காய் மணம் வரும், அவ்வளவுதான்.

சவர் கிறீம் என்பது கெட்டுப்போன கிறீம் அன்று. நுண்ணுயிர் சேர்த்துப் புளிக்க வைத்தது. அதற்குப் பதிலாகத் தம்பலகாமத்து எருமைத் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, நீர் வடிந்தபின் கொதிக்க விடாமல் சேர்க்கலாம்.

எனவே, இனிவரும் குறிப்புகளில் கிறீமின் வகையையும் கொழுப்புச் சதவீதத்தையும், அது கிடைக்காத ஊர்களில் எதைச் சேர்க்கலாம் என்பதையும் ஒரு வரியில் குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகி ஒருத்தி,
உப்புவெளி, திருகோணமலை.