மூணு இலைக்கு ஒரு ஆளு

ரங்கூன்
ஞாயித்துக்கிழமை மத்தியானம்

டேய் மச்சான்,

உன் வாய்ஸ் மெசேஜ் வந்து பத்து நாளாச்சு, பதில் போடலன்னு கோவிச்சுக்காத, இங்க கரண்ட் இருக்கிறப்ப நெட் இருக்காது, நெட் இருக்கிறப்ப போன்ல சார்ஜ் இருக்காது, ரெண்டும் இருந்தா எனக்கு டியூஷன் இருக்கும். போன வருசம் வாங்கின இன்வெர்ட்டர் பேட்டரி ஆறே மாசத்துல படுத்துருச்சு, கடைக்காரன்கிட்ட போனா நீங்க தண்ணி ஊத்தலங்கிறான், அது தண்ணி ஊத்துற பேட்டரியே இல்லடா. சரி விடு. அம்மா முட்டி வலியோட இன்னும் வாசல்ல கோலம் போடுது, சொன்னா கேக்க மாட்டேங்குது.

உன் பொண்ணு காலேஜ்ல எதையோ கேட்டுட்டு வந்து, எலெக்ட்ரான் சார்ஜ்ல மூணுல ஒரு பங்கு தனியா இருக்காம்ப்பான்னு சொல்லுறா, கப்ஸாவான்னு கேட்டிருந்தியே. கப்ஸா இல்ல. அத கேட்டதும் எனக்கு நம்ம ஹால் எஃபெக்ட் ப்ராக்டிகல்தான் ஞாபகம் வந்துச்சு. அந்த ஜெர்மானியம் துண்டு, ஒரு பக்கம் கரண்ட் விட்டு, மேல காந்தத்த ஏத்தி, குறுக்க வோல்டேஜ் அளக்கணும், காந்த ஃபீல்டு ஏற ஏற வோல்டேஜும் ஏறி கோடு நேரா வரணும். ரெண்டு புள்ளி கோட்ட விட்டு தள்ளி விழுந்துச்சுன்னு ரப்பர் வச்சு அழிச்சோமே, அதுக்கப்புறம் கோடு ரொம்ப நேரா இருக்குன்னு சார் சந்தேகப்பட்டாரு.

1980ல க்ளிட்சிங்ங்கிற ஜெர்மன் விஞ்ஞானி ஃப்ரான்ஸ்ல கிரெனோபிள்ல இதேதான் பண்ணாரு, ஆனா எலெக்ட்ரான் எல்லாம் தாள் மாதிரி ஒரே ஒரு மெல்லிசான தளத்துக்குள்ள மாட்டிக்கிட்டிருக்கு, மேல கீழ போக வழியில்ல, குளிரு ஹீலியம் திரவத்தோட குளிரு, காந்தமோ பயங்கரம். கோடு நேரா வரல, படிக்கட்டு மாதிரி வந்துச்சு. அந்தக் குறுக்கு வோல்டேஜ கரண்ட்டால வகுத்தா ஒவ்வொரு படியும் 25,812.8 ஓம், இல்ல அத ரெண்டால மூணால வகுத்தது, அவ்ளோதான், துண்டு எந்த சைஸ்ல இருந்தாலும் அழுக்கா இருந்தாலும் அதே நம்பர். 1985ல நோபல் குடுத்துட்டாங்க.

இத உன் பொண்ணுக்கு எப்டி சொல்றதுன்னு யோசிச்சிட்டே போன வெள்ளி காளியம்மன் கோயில் அன்னதானத்துல உக்காந்திருந்தேன், எதிர்ல வரிசையா இலை, பசங்க தண்ணி தெளிச்சிட்டே போறானுங்க, அப்பதான் புடிபட்டுச்சு. காந்தம்தான் இலை போடுற ஆளு, இலைன்னா எலெக்ட்ரான் உக்கார்ற ஒரு எடம். 1 டெஸ்லா (காந்த பலத்த அளக்குற அலகு) ஃபீல்டு வச்சா ஒரு சதுர சென்டிமீட்டர்ல சுமார் 2,400 கோடி இலை விழும், ஃபீல்ட ஏத்த ஏத்த இலை கூடும். எலெக்ட்ரான்தான் சாப்புட வந்த ஆளு. ஒரு ஆளுக்கு ஒரு இலைன்னு பந்தி சரியா நெறைஞ்சா க்ளிட்சிங்கோட முதல் படி, அதே இலைங்க மேல ரெண்டாவது பந்தியும் நெறைஞ்சா, அதாவது இலைக்கு ரெண்டு பேருன்னா, ரெண்டாவது படி. அதுக்கு எலெக்ட்ரானுங்க ஒன்னோட ஒன்னு பேசிக்கணும்னு கூட அவசியம் இல்ல.

கூத்து அதுக்கப்புறம்தான். 1981 அக்டோபர்ல சூயி, ஸ்டோர்மர்னு ரெண்டு விஞ்ஞானிங்க அமெரிக்காவுல பெல் லேப்ஸ்ல இருந்து ஒரு துண்ட எடுத்துக்கிட்டு எம்ஐடி காந்த லேபுக்கு போறாங்க, காலியம் ஆர்சனைடுங்கிற செமிகண்டக்டர், கூட வேலை பாத்த கோசார்ட் செஞ்சு குடுத்தது. சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 12,000 கோடி எலெக்ட்ரான். இவங்க தேடிப் போனது வேற, 1934ல விக்னர்ங்கிற விஞ்ஞானி சொன்ன எலெக்ட்ரான் படிகம், அதாவது நெரிசல் கம்மியா இருந்தா எலெக்ட்ரானுங்க ஒன்ன ஒன்னு தள்ளித் தள்ளி கடைசில ஒழுங்கா அடுக்கி நின்னுரும்னு அவர் சொன்னது. 15 டெஸ்லா பக்கத்துல, அர கெல்வின் குளிருல (அதுக்கு மேல குளிரவே முடியாதுங்கிற எல்லைக்கு அர டிகிரிதான் மேல), கோட்டுல ஒரு நெளிவு. சூயி க்ராப் மேல ரெண்டு வெரல வச்சு, சுழி ஃபீல்டுல இருந்து ஆளுக்கு ஒரு இலைங்கிற அந்த முதல் படி வரைக்கும் உள்ள தூரத்த அளந்து, அதே அகலத்த புது நெளிவு வரைக்கும் வச்சுப் பாத்தாராம், சரியா மூணு. உடனே விளையாட்டா ‘குவார்க்’னாராம், புரோட்டானுக்குள்ள இருக்கிற அந்தத் துகளுக்குத்தான் மூணுல ஒரு பங்கு கணக்குல சார்ஜ்! நீயே கணக்கு போடு, 15 டெஸ்லாவுக்கு 36,000 கோடி இலை, ஆளு 12,000 கோடி. மூணு இலைக்கு ஒரு ஆளு. அவங்க ரப்பர் எடுக்கல மச்சான்.

ஏன் அங்க படி வருதுன்னு 1983ல லாஃப்லின்ங்கிற விஞ்ஞானி சொன்னாரு. எலெக்ட்ரான் உறைஞ்சு நிக்கல, அது ஒரு திரவம். யாருக்கும் சொந்த இலை கிடையாது, எல்லாரும் நகந்துக்கிட்டே இருக்காங்க, ஆனா ஒருத்தன் நகந்தா மத்தவன் எல்லாரும் அவன ஒட்டாம ஒதுங்குற மாதிரி சேந்து நகர்றாங்க. இப்ப அதுல ஒரே ஒரு இலைய கூட போட்டேன்னு வச்சுக்க, மூணு இலைக்கு ஒரு ஆளுன்னா ஒரு இலைக்கு மூணுல ஒரு ஆளு குறையுது இல்லியா, அந்தக் குறைதான் உன் பொண்ணு சொன்ன மூணுல ஒரு பங்கு சார்ஜ். எலெக்ட்ரான் உடையல, கூட்டத்துல விழுந்த ஓட்டை அப்டி நடந்துக்குது. 1997ல ஃப்ரான்ஸ்லயும் இஸ்ரேல்லயும் கரண்ட்டோட இரைச்சல அளந்தே இத காட்டிட்டாங்க. தகரக் கூரைல மழை சத்தத்த வச்சே தூறலா பெரிய துளியான்னு நம்ம சொல்லுவோம்ல, அதே வேலை.

எனக்கு ரொம்ப புடிச்சது ஜெயின்ங்கிற விஞ்ஞானி 1989ல சொன்னது, ராஜஸ்தான்ல பொறந்தவரு, 2025 வுல்ஃப் பரிசு வாங்கின மூணு பேருல ஒருத்தரு. ஒவ்வொரு ஆளும் ரெண்டு இலைய மடிச்சு கக்கத்துல வச்சிக்கிறான்னு நெனைங்கறாரு. மூணு இலைக்கு ஒரு ஆளுன்னா மிச்சம் ஒரு இலை, ஆளுக்கு ஒன்னு, பழைய க்ளிட்சிங் கணக்கு! அஞ்சு இலைக்கு ரெண்டு பேருன்னா நாலு கக்கத்துல போயிரும், மிச்ச ஒரு இலைல ரெண்டு பேரு, அதுவும் பழைய கணக்குல ரெண்டாவது படிதான். ரெண்டு இலைக்கு ஒரு ஆளுன்னா மிச்சமே இல்ல, அவ்ளோ பெரிய காந்தத்துக்கு நடுவுல ஃபீல்டே இல்லாத மாதிரி சாதா உலோகம் போல நடந்துக்குது. இத பேப்பர்ல போட்டுப் பாத்துட்டு ராத்திரி மெழுகுவத்தி வெளிச்சத்துல தனியா சிரிச்சேன், வீட்டுக்காரி என்னாச்சுன்னு எட்டிப் பாத்தா.

அப்ப விக்னர் படிகம்? அதுவும் உண்டு. ஒரு ஆளுக்கு அஞ்சாறு இலைக்கு மேல போனா திரவம் தாக்குப் புடிக்காது, உறைஞ்சுரும். 2024ல அமெரிக்காவுல பிரின்ஸ்டன்ல ரெண்டடுக்கு கிராஃபீன்ல (ஒரு அணு கனத்துல இருக்கிற கார்பன் தாள்) ஊசி முனை மைக்ரோஸ்கோப் வச்சு நேராவே படம் புடிச்சிட்டாங்க. அந்தப் படத்த அம்மாகிட்ட காட்டினேன், கண்ணாடிய ஏத்திப் பாத்துட்டு ‘சந்துப்புள்ளிடா இது’ன்னுச்சு. ஆமா, நேர்ப்புள்ளி இல்ல, சந்துப்புள்ளி, ஒவ்வொரு புள்ளிய சுத்தியும் ஆறு. தள்ளி நிக்கணும்னா அதான் சவுகரியம். இன்னும் ஒன்னு, ஒரு பந்தி நெறைஞ்சு மேல மேல பந்தி ஏறிட்டா புள்ளியும் இல்ல திரவமும் இல்ல, கோயில் மதில் காவி வெள்ளை மாதிரி பட்டை பட்டையா நிக்குது, பட்டையோட போனா சுளுவு, குறுக்க போனா எதிர்ப்பு எக்கச்சக்கம், 1999ல வெளியிட்டாங்க. எலெக்ட்ரான் அதேதான், இலை எண்ணிக்கைதான் வேற.

கரண்ட் வந்துருச்சு, தொட்டிக்கு மோட்டர் போடணும், அடுத்தது எப்பன்னு தெரியாது. பொண்ணுகிட்ட இத வாசிச்சுக் காட்டு, பந்தி விஷயம் புரியலன்னா எனக்கு நேரா மெசேஜ் போடச் சொல்லு. அப்புறம் அந்த ரெண்டு புள்ளிய அழிச்சது யாரு? ரப்பர் என்னுதுதான், ஒத்துக்கறேன், ஆனா கை உன்னுதுன்னுதான் எனக்கு ஞாபகம்.

உன் லேப் பார்ட்னர்