சனசமூக நிலையம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024 யூலை – 2025 யூன்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிர்வாக சபையினரே, அங்கத்தவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டில் நிர்வாக சபை 11 தடவை கூடியது. மாசி மாதக் கூட்டம் மட்டும் போதிய ஆட்கள் வராததால் நடக்கவில்லை. பொங்கல் விளையாட்டுப் போட்டி, பொதுக்கிணறு இறைப்பு, வாசிகசாலைக் கூரைத் திருத்தம் ஆகியவை குறையில்லாமல் முடிந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டில் நாங்கள் இழந்த இரண்டு மூத்த அங்கத்தவர்களின் குடும்பங்களுக்கு நிலையத்தின் சார்பில் மீண்டும் எங்கள் ஆறுதலைத் தெரிவிக்கிறேன்.

இனி, ஆண்டு முழுவதும் அதிகம் பேசப்பட்ட விடயத்துக்கு வருகிறேன். அது வாசிகசாலையில் இருக்கும் கணினி மேசை.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அதன் கதை தெரியாமல் இருக்கலாம். 2022 யூலையில், இலங்கையில் எரிபொருள் தட்டுப்பாடாக இருந்தபோது, எரிபொருளுக்குக் கியூ.ஆர். முறை வந்தது. அடையாள அட்டை இலக்கம், வாகன இலக்கம், சேசிஸ் இலக்கம் எல்லாவற்றையும் இணையத்தில் பதிந்தால்தான் பெற்றோல். ஸ்மார்ட் போன் இல்லாத ஐயாமார் மோட்டார் சைக்கிள் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு வாசிகசாலைக்கு வந்தார்கள். உயர்தரம் படிக்கும் எங்கள் பிள்ளைகள் இரண்டு பேர் பேப்பர் வாசிக்கும் மேசையில் இருந்து பதிந்து கொடுத்தார்கள். பெற்றோல் வரிசை இல்லாமல் போனது, மேசை நிலைத்துவிட்டது. இப்போது செவ்வாய், வியாழன், சனி பின்னேரம் 4 மணி முதல் 6 மணி வரை யாராவது ஒருவர் அதில் இருக்கிறார். கரண்ட் பில், பரீட்சை விண்ணப்பம், கனடாவில் இருக்கும் மகனோடு வீடியோ கதை என்று எல்லாத் தேவைக்கும் ஆட்கள் வருகிறார்கள். 2025 பெப்ரவரியில் அரசாங்கம் தனக்குக் கட்டவேண்டிய கட்டணங்களை இணையத்தில் கட்டும் கவ்பே முறையைத் தொடங்கியபிறகு, "இனிக் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) அலையத் தேவையில்லையோ?" என்று கேட்டு வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். எல்லாக் கொடுப்பனவும் இன்னும் அதற்குள் வரவில்லை என்று பொறுமையாகச் சொல்வதும் மேசையின் வேலைதான்.

பங்குனியில் நடந்த ஒன்றை இங்கே சொல்லவேண்டும். ஆச்சி ஒருவர் கை நடுங்கப் போனை நீட்டினார். பார்சல் வந்திருக்கிறது, போனுக்கு வந்த ஆறு இலக்கத்தைச் சொல்லுங்கோ என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். சொல்லிவிட்டார். மகள் அனுப்பிய காசு போய்விட்டது. உடனே வங்கிக்கு அறிவித்தோம், பொலிசில் முறைப்பாடும் கொடுத்தோம். காசு இன்னும் வரவில்லை. ஆச்சியை ஏசுவதில் ஒரு நியாயமும் இல்லை. "இந்த இலக்கத்தை எவருக்கும் சொல்லவேண்டாம்" என்ற வரி அந்தச் செய்தியிலேயே இருந்தது, ஆனால் ஆங்கிலத்தில் இருந்தது. நாங்கள் அந்த வரியைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டினோம். சனிக்கிழமைகளில் இப்போது ஆச்சியே வந்திருந்து, புதிதாக வருகிறவர்களுக்கு அதை வாசித்துக் காட்டுகிறார்.

மொழி பற்றி இன்னொன்று. எங்கள் பழைய கூட்டக் குறிப்புகள் எல்லாம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டியவை. பாமினியில் தட்டும்போது கணினிக்குள் பதிவது ஆங்கில எழுத்துகள்தான். எழுத்துரு அவற்றைத் தமிழ் உருவத்தில் காட்டுகிறது. அந்த எழுத்துரு இல்லாத போனில் திறந்தால் ஒன்றும் விளங்காது, தேடினாலும் கிடைக்காது. பார்வையற்ற அங்கத்தவர் ஒருவர் எங்களிடம் இருக்கிறார். அவருடைய போன், எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோட்டில் உள்ள தமிழைச் சரளமாக வாசித்துச் சொல்கிறது, பாமினிக் குறிப்பைத் திறந்தால் உளறுகிறது. சொந்த நிலையத்தின் கூட்டக் குறிப்பை அவரால் கேட்க முடியவில்லை என்பது எனக்குப் பெரிய வெட்கமாக இருந்தது. கணினி படிக்கும் பிள்ளைகள் மூன்று மாதம் இருந்து எல்லாவற்றையும் யூனிகோட்டுக்கு மாற்றினார்கள். பாமினியில் பழகிய கைகள் அதே விசை ஒழுங்கில் யூனிகோட் தட்டலாம் என்பதையும் சொல்லிவைக்கிறேன். இந்த அறிக்கை அப்படித்தான் தட்டப்பட்டது.

வேலைவாய்ப்புப் பக்கம் நம்பிக்கை தருகிறது. யாழ்ப்பாணத்தில் யாழ் ஐ.ரி. ஹப் போன்ற தன்னார்வ அமைப்பினர் பத்து வருடத்துக்கு மேலாக யாழ் கீக் சலஞ்ச் என்ற தொழில்நுட்பப் போட்டியை நடத்திப் பிள்ளைகளைத் தொழில் தொடங்கத் தூண்டி வருகிறார்கள். எங்கள் ஊரிலேயே ஒரு தங்கச்சி கொழும்பு நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்து மென்பொருள் பரிசோதனை செய்கிறார். வீட்டு இணைப்பு அறுந்தால் மடிக்கணினியோடு வாசிகசாலைக்கு வந்துவிடுவார். அவருடைய மாதச் சம்பளம் இங்கேதான் செலவாகிறது. போன வருடம் அவர் கட்டிய அறைக்கு மேசனும் தச்சனும் இந்த ஊர் ஆட்கள், சீமெந்து சந்திக் கடையில் வாங்கியது. வெங்காயம் விலை விழுந்தாலும் கடலுக்குப் போகமுடியாத மாதம் வந்தாலும் அந்தக் காசு நிற்பதில்லை. ஒரு பிள்ளை கொழும்புக்கும் அங்கிருந்து விமானத்துக்கும் போகாமல் ஊரில் இருந்தே உழைத்தால் என்ன மாற்றம் வரும் என்பதை அந்த ஒரு வீட்டிலேயே பார்க்கிறோம்.

ஆனால் நிறுவனங்கள் வந்தாலும் பட்டணத்தோடு நின்றுவிடுகின்றன. வெளிநாட்டு நேரத்துக்கு ஏற்ப இரவு வரை வேலை, எங்கள் ஊருக்கோ ஏழு மணிக்குப் பிறகு பஸ் இல்லை. இதனால் இரண்டு பிள்ளைகள் கிடைத்த வேலையை விட்டார்கள். கணினிப் பயிற்சிக்கு உதவ முன்வரும் நிறுவனங்களிடம், பயிற்சியோடு இரவு வாகனத்தையும் அல்லது வீட்டிலிருந்து வேலை செய்யும் வசதியையும் கேட்கவேண்டும் என்று நிர்வாக சபை தீர்மானித்திருக்கிறது.

வாசிகசாலையின் பழைய சஞ்சிகைகளையும் கோயில் மலர்களையும் கறையான் தின்னத் தொடங்கிவிட்டது. 1981 இல் யாழ் நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்த ஊரில், ஒரே ஒரு பிரதியை ஒரே அலுமாரியில் பூட்டி வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. 2005 இல் தொடங்கிய, 'நூலகம்' என்ற இணைய எண்ணிம நூலகத்தினரை அணுகி, இவற்றை மின்வருடித் தரக் கேட்கும் யோசனையைச் சபை முன் வைக்கிறேன்.

கடைசியாக ஒரு கோரிக்கை. மேசையில் இருக்கும் பிள்ளைகளுக்கு இதுவரை தேநீர்தான் கொடுத்திருக்கிறோம். வரும் ஆண்டில் ஒருவருக்காவது மாதாந்தக் கொடுப்பனவு தேவை. அதற்காகச் சந்தாவைக் கூட்டுவதா, வெளிநாட்டில் உள்ள ஊரவர்களிடம் கேட்பதா என்பதை இன்றே பேசி முடிவெடுக்கவேண்டும். ஏனென்றால் மேசையில் இருக்கும் பிள்ளைகள் இருவர் ஆவணி தொடக்கத்தில் பல்கலைக்கழகத்துக்குப் போகிறார்கள்.

இவ்வறிக்கையை ஏற்று அங்கீகரிக்குமாறு சபையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்