தம்பூரா முனகவில்லை

ஆசிரியருக்கு,

சென்ற ஞாயிறு இணைப்பில், நிலநடுக்கப் பதிவுகளை ஒலியாகக் கேட்க கியூஆர் குறியீட்டோடு வந்த பூமியின் இசை பற்றிய கட்டுரையை இரண்டு தரம் படித்தேன். நிலநடுக்கம் வந்தால் வீட்டிலிருக்கும் வீணையும் தம்பூராவும் தானாக ஒலிக்கும் என்று அதில் ஒரு வரி. முப்பது வருஷமாகத் தம்பூராவுக்குச் சுருதி சேர்ப்பவன் நான். அந்த வரி எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

2004 டிசம்பர் 26, இந்தோனேசியாவின் சுமத்ரா அருகே நிலநடுக்கம் வந்த காலை ஆறரை மணி வாக்கில் மயிலாப்பூரில் அக்கா வீட்டு மூன்றாம் மாடியில் இருந்தேன். கச்சேரி சீசன். முதல் நாள் ராத்திரி சேர்த்த தம்பூரா மூலையில் சாய்ந்திருந்தது. கூடத்து விளக்கு சங்கிலியோடு ஆடிற்று. தம்பூரா ஒரு முனகல்கூட இல்லை. (இரண்டு மணி நேரம் கழித்துக் கடல் உள்ளே வந்துவிட்டது. அப்புறம் விளக்கைப் பற்றி யார் பேசினார்கள்.)

தந்தி நொடிக்கு நூறு, இருநூறு தரம் அதிர்வது. சுமத்ராவிலிருந்து அவ்வளவு தூரம் வந்த நில அதிர்வு அலைக்கோ ஒரு தரம் அசையவே பல நொடி ஆகும். ஒத்த வேகம் வந்தால்தான் எதுவும் கூடச் சேர்ந்து ஆடும். தம்பூராவின் நடுவில் ஒரே சுருதியில் இருக்கும் ஸாரணித் தந்திகள் இரண்டில் ஒன்றின் மேல் சின்னக் காகிதத்தை மடித்துப் போட்டு மற்றதை மீட்டிப் பாருங்கள். சுருதி சேர்ந்திருந்தால் காகிதம் துள்ளும், கொஞ்சம் இறங்கியிருந்தால் சும்மா கிடக்கும். 1985 நிலநடுக்கத்தில் மெக்சிகோ நகரத்தில் நடந்ததும் இதுதான். பழைய ஏரிப் படுகையின் களிமண் சுமார் 2 நொடிக்கு ஒரு தரம் ஆட, அந்த ஆட்டத்துக்கு ஒத்த நடுத்தர உயரக் கட்டடங்கள்தான் அதிகம் விழுந்தன. குட்டை வீடுகள் பல தப்பின.

நிலநடுக்கப் பதிவை வேகமாக ஓட்டிக் காதுக்குக் கொண்டுவருவது புதிய வித்தையும் அல்ல. ஹ்யூகோ பெனியாஃப் என்ற அமெரிக்க நிலநடுக்க அறிஞரின் பதிவுகள் 1953-இலேயே இசைத்தட்டாக வந்துவிட்டன. மனுஷர் மின்சார வயலினும் செல்லோவும் செய்தவர்!

சரி, பூமிக்குச் சொந்த ஸ்வரம் உண்டா? உண்டு. 1960 சிலி நிலநடுக்கத்தில்தான் அது தெளிவாகப் பிடிபட்டது. பூமி முழுசும் எலுமிச்சம்பழம் போல நீண்டு, பூசணிக்காய் போல அமுங்கி, திரும்பவும் நீள 54 நிமிஷம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். இதை 20 ஸ்தாயி ஏற்றினால் (ஒவ்வொரு ஸ்தாயிக்கும் வேகம் இரட்டிக்கும்) 3 கட்டை சுருதிக்குக் கொஞ்சம் கீழே நிற்கிறது. அதை ஸட்ஜமாக வைத்தால், 35.6 நிமிஷத்தில் அதிரும் அடுத்தது பஞ்சமத்துக்கு ஒரு மயிரிழை மேலே. எனக்கே சிலிர்த்தது. அதற்கடுத்தது 25.8 நிமிஷம். மேல் ஸட்ஜத்தைத் தாண்டி, அதற்கு அடுத்த ஸ்வரமான சுத்த ரிஷபத்தைத் தொடாமல் நடுவில் தொங்குகிறது. இப்படி ஒரு தம்பூராவை வைத்துக்கொண்டு எவரும் மேடை ஏற மாட்டார். தந்தியின் மேல் ஸ்வரங்கள் முழு மடங்குகளில் ஏறும், உருண்டையில் அப்படி ஏறாது. கோயில் மணி மாதிரி.

20 ஸ்தாயி என்றால் பத்து லட்சம் மடங்குக்கு மேல் வேகம். ஒரு நொடி நாதம் கேட்கப் பூமி 12 நாள் அதிர வேண்டும். இனி இதுபோன்ற ஒலிப்பதிவுகளின் கியூஆர் குறியீட்டைப் போடும்போது, எத்தனை மடங்கு வேகம் என்பதையும் பக்கத்திலேயே அச்சிடுங்கள்.

வாசகர் ஒருவர்,
தஞ்சாவூர்