பாதி நிலத்தில் மட்டும் மல்லாட்டை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அணைக்கட்டு வட்டத்தில் எனக்கு இரண்டு ஏக்கர் மேட்டு நிலம். கிணறு உண்டு, ஆனால் மழைக்காலம் போனால் தண்ணீரும் போய்விடும். ஆடிப்பட்டத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுவது வழக்கம். போன ஆடியில் ஒரு ஏக்கரில் மட்டும் விதைத்துவிட்டு, இன்னொரு ஏக்கரை மாட்டுக்குச் சோளத்தட்டு போட விட்டேன். பயிற்சி கொடுக்க வந்த தம்பி ஒருவர் அதைப் பார்த்து, "ஏம்மா, பயந்துட்டீங்களா? இந்தப் பக்கத்து விவசாயிங்களுக்குத் துணிச்சலே இல்லை" என்றார். அன்றைக்குப் பத்துப் பேர் நடுவில் சொல்ல முடியாததை இப்போது எழுதுகிறேன்.

ஏக்கருக்கு 50 கிலோ விதைப்பருப்பு வேண்டும். உழவு, விதை, களையெடுப்பு, ஜிப்சம், செடி பிடுங்கிக் காய் ஆய்கிற கூலி எல்லாம் சேர்த்து எனக்கு 25,000 ரூபாய் ஆகிறது. விதையும் உழவும், மழை எப்படி இருக்கும் என்று தெரிவதற்கு முன்பே மண்ணுக்குள் போய்விடும். நல்ல வருஷம் என்றால் 15 மூட்டை, செலவு போக 12,000 ரூபாய் நிற்கும். பூவிலிருந்து விழுது மண்ணுக்குள் இறங்கிக் காய் பிடிக்கிற சமயத்தில் இருபது நாள் வானம் பார்க்க வைத்துவிட்டால் 3 மூட்டைதான். 15,000 ரூபாய்க்கு மேல் கையை விட்டுப் போகும். 12,000 கையில் நின்றால் கூரைக்கு ஓடு மாற்றுவோம். 15,000 போனால் கம்மல் அடகுக்குப் போகும். ஒருமுறை போனதை மீட்க எனக்கு மூன்று வருஷம் ஆனது. அந்த மூன்று வருஷமும் தெரிந்தவர் கல்யாணத்துக்குப் போகக்கூட மனம் வரவில்லை. இந்த இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்கச் சொன்னால் எப்படி?

என் மாமியார் ஆறு சால் மல்லாட்டைக்கு ஒரு சால் துவரை விடுவார். மல்லாட்டை காய்ந்துபோனாலும் துவரை ஆழமாக வேர் விட்டுத் தை மாதம் வரை நிற்கும். வீட்டுக்குப் பருப்பாவது மிஞ்சும். துவரைக்கு விட்ட இடத்தில் மல்லாட்டை கொஞ்சம் குறையும் என்பது அத்தைக்குத் தெரியாதா? தெரிந்தேதான் விட்டார். அந்தக் குறைச்சல்தான் அவர் வருஷா வருஷம் கட்டிய பிரீமியம். என் மகனும் கடனுக்கு டிராக்டர் எடுத்து வாடகைக்கு ஓட்டலாம் என்று ரொம்ப நாள் கணக்குப் போட்டான். கடைசியில் ஷூ கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். சம்பளம் குறைவுதான், ஆனால் மாதம் பிறந்தால் வருகிறது.

சரி, பயிர்க் காப்பீடு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆடிப்பட்டத்து மல்லாட்டைக்குக் காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம் கட்டினால் போதும், மீதிப் பிரீமியத்தை அரசுகள் கட்டுகின்றன. ஏக்கருக்கு 600 ரூபாய்க்குக் கிட்டத்தான் வந்தது, அதில் எனக்குக் குறை இல்லை. 2020 முதல் கடன் வாங்கியவர்களுக்கும் அது கட்டாயம் இல்லை. நான் விரும்பித்தான் இரண்டு வருஷம் கட்டினேன்.

வறட்சி நஷ்டத்தை ஒவ்வொருவர் நிலத்திலும் வந்து பார்ப்பதில்லை. கிராமத்துக்கோ, பல கிராமங்கள் சேர்ந்த பிர்காவுக்கோ சேர்த்து, சில வயல்களில் அறுவடைச் சோதனை செய்து, சராசரி எடுக்கிறார்கள். கடந்த 7 வருஷத்தில் நல்ல 5 வருஷத்து விளைச்சலை வைத்து ஓர் அளவு குறிக்கிறார்கள். சராசரி அதற்குக் கீழே போனால்தான் பணம். நான் கட்டிய முதல் வருஷம் ஏரிக்கு அந்தப் பக்கம் மழை கொட்டியது, எங்கள் மேட்டில் தூசி பறந்தது. எனக்கு 3 மூட்டை. சேர்த்துப் பார்த்த சராசரி நன்றாக இருந்ததாம், பணம் இல்லை. அடுத்த வருஷம் எல்லாருக்கும் விளைச்சல் போனது. பணம் வந்தது, ஆனால் அதற்குள் அடுத்த ஆடியும் கடந்துவிட்டது. விதை வாங்க நான் ஏற்கெனவே கடன் வாங்கியிருந்தேன்.

மழை வருமா என்பது ஒரு கவலை. வராவிட்டால் காப்பீடு வருமா, வந்தால் எப்போது என்பது அதற்கு மேல் இன்னொரு கவலை. இரண்டையும் ஒன்றாகச் சுமக்க முடியாமல்தான் கட்டுவதை நிறுத்திவிட்டு, ஒரு ஏக்கரை மாட்டுக்கு விட்டேன். பால் காசு கொஞ்சம்தான். ஆனால் என்றைக்கு வரும், எவ்வளவு வரும் என்று எனக்குத் தெரியும்.

உங்கள் நாளிதழ் வழியாக அரசிடம் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. விதைப்பதற்கு முன்பே எங்கள் பிர்காவுக்குக் குறித்த அளவு எவ்வளவு என்று ஊராட்சிப் பலகையில் எழுதிப் போடுங்கள். அறுவடைச் சோதனை எந்த வயலில், எந்தத் தேதியில் என்று தண்டோரா போட்டுச் சொல்லுங்கள், நாங்களும் வந்து நின்று எடையைப் பார்க்கிறோம். பணம் தருவதானால் அடுத்த ஆடிக்கு முன்னால் தாருங்கள். முடிந்தால் ஊருக்கு ஒரு மழைமானி வையுங்கள்.

இரண்டு மூட்டை விதைக்காய் உடைக்காமல் எடுத்து வைத்திருக்கிறேன். மீதி ஒரு ஏக்கருக்குச் சரியாக இருக்கும். ஆடி பிறப்பதற்குள் பலகையில் அந்த அளவு வந்துவிட்டால் உடைத்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அணைக்கட்டு வட்டம், வேலூர் மாவட்டம்.