எல்லைக்கு அப்பால் ஓர் எல்லை

அன்புள்ள செல்விக்கு,

இங்கு அனைவரும் நலம். மேலை வல்லரசுகளைக் கண்டு தானே அஞ்சியிருந்த ஜப்பான், அண்டை நாடுகளைப் பிடிப்பதற்கு எந்த முகத்தோடு நியாயம் சொன்னது என்று சியோலிலிருந்து கேட்டிருந்தாய். நியாயங்கள் பல சொன்னது. அவற்றில் தற்காப்பு என்ற முதல் நியாயமே மிகவும் ஆபத்தானது என்பது என் எண்ணம்.

நாட்டின் இறைமை எல்லையைக் காத்தால் மட்டும் போதாது, அதன் பாதுகாப்போடு பிணைந்த நலன் எல்லையையும் காக்க வேண்டும் என்று 1890-இல் பிரதமர் யமகாட்டா அரிதோமோ வாதிட்டார். அவர் மனத்தில் இருந்தது கொரியா. 1910-இல் கொரியா ஜப்பானோடு இணைக்கப்பட்டதும் அதுவே இறைமை எல்லைக்குள் வந்துவிட, சீனாவின் வடகிழக்குப் பகுதியான மஞ்சூரியா நலன் எல்லையாயிற்று. அதுவும் கைக்கு வந்தபின் வட சீனா. வரப்பைத் தள்ளிப் போட்டுக்கொண்டே போகிறவனுக்குப் பக்கத்து வயல் என்று ஒன்று எப்போதும் இருக்கத்தானே செய்யும்?

கொரியர்களிடம் வேறு கதை சொன்னார்கள்: இரு மக்களும் ஒரே மூதாதையரின் வழிவந்தவர்களாம். அந்த உறவின் பெயரால் 1940-இல் ஜப்பானியப் பாணியில் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளும்படி நெருக்கினார்களே தவிர, கொரியாவில் வாழ்ந்தவர்களுக்கு ஜப்பானிய நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கும் வாய்ப்பைக் கடைசிவரை அளிக்கவில்லை.

மஞ்சூரியாவில் நடந்ததைச் சற்று நின்று பார். 1931 செப்டம்பர் 18 இரவு, முக்டென் நகருக்கு அருகே, தாங்கள் காவல் காக்க வேண்டிய இருப்புப்பாதையில், அங்கே நிறுத்தப்பட்டிருந்த ஜப்பானின் குவாண்டுங் படை அதிகாரிகளே குண்டு வைத்துவிட்டுப் பழியைச் சீனர்மேல் போட்டார்கள். சேதம் மிகச் சிறிது. ஆனாலும் மறுநாளே முக்டென் அவர்கள் வசமாயிற்று. 1932-இல் மஞ்சுகுவோ என்றொரு நாட்டை அறிவித்து, ஜப்பானியர், சீனர், மஞ்சுக்கள், மங்கோலியர், கொரியர் ஆகிய ஐந்து இனங்களின் இணக்கம் என்று முழங்கி, கொடியிலும் ஐந்து நிறங்களை வைத்தார்கள். அரியணையில் அமர்த்தப்பட்ட, சீனாவின் கடைசிப் பேரரசராயிருந்த பூயியோ, அமைச்சர்களாயிருந்த சீனரோ எதையும் முடிவு செய்யவில்லை. அதிகாரம் குவாண்டுங் படையிடமும் ஜப்பானிய அதிகாரிகளிடமும் இருந்தது. இருபது ஆண்டுகளில் பத்து லட்சம் ஜப்பானியக் குடும்பங்களை அங்கே குடியேற்ற 1936-இல் திட்டமிட்டபோது, ஏற்கெனவே உழுதுகொண்டிருந்த சீன விவசாயிகளின் நிலம் பல இடங்களில் அடிமாட்டு விலைக்குப் பறிக்கப்பட்டது.

இந்த நியாயங்களை நம்பியவர்கள் எல்லோரும் வேஷதாரிகள் என்று நான் சொல்லமாட்டேன். 1919-இல் பாரிஸ் அமைதி மாநாட்டில் ஜப்பான் முன்வைத்த இனச் சமத்துவக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டதும், 1924-இல் அமெரிக்கா ஜப்பானியக் குடியேற்றத்துக்குக் கதவடைத்ததும் உண்மையான காயங்கள். ஆசியா ஆசியர்களுக்கே என்ற முழக்கம் அந்தக் காயத்திலிருந்து வலுப்பெற்றது. நம்மவர் பலரையும் அது ஈர்த்தது. ஆனால் 1943-இல் ஜப்பானியர் அமைத்து முடித்த சயாம்-பர்மா ரயில்பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் டோக்கியோவில் கூடிய மகா கிழக்காசிய மாநாட்டில் மஞ்சுகுவோவின் பிரதமர் அமர்ந்திருந்தார், சுபாஷ் சந்திர போஸ் பார்வையாளராக இருந்தார். கொரியாவுக்கு அங்கே நாற்காலி போடப்படவில்லை.

அன்புடன்,
அப்பா