உலோக கேப்பும் ரெசின் சிமெண்டும்: எங்கள் டாக்டர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய டாக்டர்களுக்கு வணக்கம்.

"ரெசின் சிமெண்ட் போட்டுத்தான் ஒட்டினேன், அப்படியும் கழன்று வந்துவிட்டது" என்ற குறிப்போடு நெல்லிக்குப்பம், பண்ருட்டி பக்கமிருந்து எங்கள் பல் லேபுக்குச் சில கேப்கள் (பல்லுக்கு மாட்டும் உலோக உறைகள்) திரும்பி வருகின்றன. வந்ததும் கவிழ்த்து உள்பக்கத்தைத்தான் பார்ப்போம். சிமெண்ட் முழுக்கப் பல்லிலேயே தங்கிவிட்டு உலோகம் மட்டும் வெறுமையாக இருந்தால், பிடி விட்டது உலோகப் பக்கத்தில். அப்போது சிமெண்டை மாற்றிப் பார்ப்பதைவிட, ஒட்டுவதற்குச் சற்று முன் உலோகத்துக்கு என்ன செய்தோம் என்று பார்ப்பதே மேல்.

நம் வேலைகளில் பெரும்பாலானவை நிக்கல்-குரோமியம் அல்லது கோபால்ட்-குரோமியம் அலாய் (உலோகக் கலவை). இவற்றின் மேல் குரோமியம் ஆக்சைடு மெல்லிய படலமாகத் தானே உருவாகும். சில ரெசின் சிமெண்டுகளில் உள்ள எம்.டி.பி. என்ற மூலக்கூறின் பாஸ்பேட் முனை அந்த ஆக்சைடைப் பற்றிக்கொள்ளும். மறுமுனை ரெசினோடு சேர்ந்து இறுகும். 1980களில் ஜப்பானின் குராரே நிறுவனம் பனாவியா சிமெண்டில் இதைக் கொண்டுவந்தது. அதற்கு முன் 1973ல் ரோஷெட் என்ற பல் மருத்துவர் உலோகத்தில் துளை போட்டு சிமெண்டைப் பிடிக்கவைத்தார். பிறகு மேரிலாண்ட் பிரிட்ஜுக்கு (பக்கத்துப் பற்களின் பின்னால் உலோக இறக்கையால் ஒட்டும் செயற்கைப் பல்) மின்சாரம் பாய்ச்சி உலோகத்தை அரித்தார்கள். இன்று அந்தப் பாடெல்லாம் வேண்டாம்.

தங்கம், பல்லேடியம் கூடுதலாக உள்ள அலாய் வேறு கதை. அதில் பற்றிக்கொள்ளப் போதிய ஆக்சைடு இல்லை. கந்தகச் சேர்மம் உள்ள மெட்டல் பிரைமர் தேவை. எனவே இனி ஒவ்வொரு ஸ்லிப்பிலும் அலாய் என்ன என்று எழுதி அனுப்புகிறோம்.

காரியம் கெடுவது பெரும்பாலும் டிரையலில்தான். நாங்கள் உள்பக்கத்தை சேண்ட்பிளாஸ்ட் செய்து (அலுமினாத் தூளைக் காற்றில் பீய்ச்சிச் சொரசொரப்பாக்கி) அனுப்பினாலும், வாயில் வைத்துப் பார்த்ததுமே எச்சில் பட்டு அந்தப் பரப்பு வீணாகிறது. பல்லுக்குப் போடும் பாஸ்பாரிக் ஆசிட் ஜெல்லையே கேப்புக்குள்ளும் தடவிக் கழுவும் வழக்கம் சிலரிடம் உண்டு. தயவுசெய்து வேண்டாம், ஆசிடின் பாஸ்பேட், எம்.டி.பி. உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தண்ணீரில் கழுவி உலர்த்தி, 50 மைக்ரான் அலுமினாவால் உள்பக்கம் முழுக்க மங்கலாகும் வரை மறுபடி பிளாஸ்ட் செய்யுங்கள். விளிம்பில் கை நிதானமாக இருக்கட்டும். அப்புறம் உள்ளே விரல் படக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் ஊர் கம்ப்ரஸர் டேங்கில் தண்ணீர் கட்டும். அன்றைக்கு வடித்துவிடாவிட்டால் உலர்த்துகிறோம் என்று ஈரத்தைத்தான் ஊதுவோம்.

உலோகத்துக்குள் லைட் போகாது. டூயல் கியூர் (வெளிச்சத்திலும் தானாகவும் இறுகும்) சிமெண்ட் என்றால் விளிம்பு மட்டும்தான் வெளிச்சத்தில் இறுகும். உள்ளே இருப்பது தானாக இறுகும் வரை பேஷண்டைக் கடிக்க விடாதீர்கள். தற்காலிக சிமெண்டும் யூஜினால் (கிராம்பு எண்ணெயில் உள்ள பொருள்) இல்லாததாக இருந்தால் நல்லது. யூஜினால் ரெசின் இறுகுவதைக் கெடுக்கும்.

ஒன்று சொல்லியாக வேண்டும்: உயரமான, சரிவு குறைவான பல்லுக்கு ஜி.ஐ.சி.யே (கிளாஸ் அயனோமர் சிமெண்ட்) போதும். குட்டையான கடைவாய்ப் பல், மேரிலாண்ட் பிரிட்ஜ் போன்றவற்றுக்குத்தான் இத்தனை மெனக்கெட வேண்டும். எல்லா கேப்புக்கும் விலை கூடிய சிமெண்ட் போடச் சொல்ல மாட்டோம்.

கிளினிக்கில் சேண்ட்பிளாஸ்டர் இல்லாதவர்கள் டிரையல் முடிந்த கேப்பை எங்கள் பையனிடம் கொடுத்தனுப்பலாம். கடலூருக்குள் என்றால், ஒட்டும் நாளன்று காலையில் பிளாஸ்ட் செய்து, மூடிய கவரில் கட்டணமின்றித் தருவோம். வெளியூர் டாக்டர்கள் ஒரு சின்ன சேண்ட்பிளாஸ்டர் வாங்கி வைப்பதுதான் சரி, பஸ்ஸில் வந்து சேர்வதற்குள் நேரம் போய்விடும்.

ஸ்லிப்பில் "உள்ளேயும் நன்றாக பாலிஷ் செய்யவும்" என்று சிலர் எழுதுகிறீர்கள். ரெசினில் ஒட்டும் வேலை என்றால் அதை மட்டும் செய்ய மாட்டோம்; கோபிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
லேப் பொறுப்பாளர்,
மஞ்சக்குப்பம், கடலூர்