சுழல்கிறது, ஆனால் பிடிக்கவில்லை: அவுட்போர்ட் எஞ்சின் வைத்திருக்கும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பனி கரைந்து, படகின் மேல் சுற்றிய பிளாஸ்ரிக் உறையைப் பிரித்ததும் எங்கள் தொலைபேசி அடிக்கத் தொடங்கிவிடும். "அண்ணை, எஞ்சின் சுத்துது, ஆனால் பிடிக்குதில்லை. இன்ஜெக்டர் போயிட்டுதோ?" மே மாதத்து விக்டோரியா தின நீண்ட வார இறுதி நெருங்க நெருங்க இந்தக் கேள்வி கூடும். அப்படி வந்து நிற்கும் படகுகளில் பெரும்பாலானவற்றில் இன்ஜெக்டர் (எஞ்சினுக்குள் பெற்றோலைப் பாய்ச்சும் பகுதி) நன்றாகவே இருக்கிறது. கோளாறு பற்றரியில் இருக்கும், அல்லது பெற்றோல் வரும் வழியில் இருக்கும். இரண்டையும் உங்கள் வீட்டு வாசலிலேயே பார்த்துவிடலாம். மணிக்கூலி கொடுக்க முன்னர் நீங்களே ஒருமுறை பாருங்கள் என்று சொல்லத்தான் இந்த மடல்.

சிலிண்டருக்குள் நேரடியாகப் பெற்றோல் பாய்ச்சும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறோம்: எவின்ரூட் ஈ-டெக், மெர்க்குரி ஒப்டிமக்ஸ், யமஹா எச்பிடிஐ. ஈ-டெக் உற்பத்தியை பிஆர்பி நிறுவனம் 2020 மே மாதத்தில் நிறுத்திவிட்டது. மற்ற இரண்டும்கூட இப்போது புதிதாக வருவதில்லை. ஆனாலும் ஒன்ராறியோவின் ஏரிகளில் இவை இன்னும் நிறையவே ஓடுகின்றன. நல்ல எஞ்சின்கள். கவனமாகப் பார்த்தால் இன்னும் பல வருடம் உழைக்கும்.

எங்களில் பலர் எஞ்சின் பழகியது ஊர்க் கரையில். கார்புரேட்டர் எஞ்சின், சோக்கை இழுத்து, கைப்பிடியைக் கொஞ்சம் திறந்து, கயிற்றை ஓங்கி இழுத்தால் பிடிக்கும். அந்தக் கைப்பழக்கம் இங்கே உதவாது. இந்த எஞ்சினில் சோக் கிடையாது. எவ்வளவு பெற்றோல், எந்த நேரத்தில் என்பதைச் சூட்டு உணரியைப் பார்த்துக் கணினிதான் தீர்மானிக்கிறது. கியர் நடுநிலையில், வேக லீவர் கீழே இருக்கட்டும். சாவியை மட்டும் திருப்புங்கள். அதற்கு முதல் அவசரத்தில் எஞ்சினை நிறுத்தும் சிவப்புச் சுருள் கயிற்றின் கிளிப் மாட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது கழன்றிருந்தால் பல எஞ்சின்கள் சுழன்றுகொண்டே இருக்கும், பிடிக்காது.

இனி பற்றரி. கணினி விழித்திருக்க வேண்டும், இன்ஜெக்டர் திறக்க வேண்டும், பிளக் பொறி விட வேண்டும். எல்லாவற்றுக்கும் மின்சாரம் வேண்டும். ஈ-டெக் எஞ்சினின் இன்ஜெக்டர்கள் 55 வோல்ட்டில் வேலை செய்பவை. அந்த 55 வோல்ட்டை எஞ்சினோடு சுழலும் பாரச் சக்கரமான ஃபிளைவீலின் கீழே இருக்கும் ஸ்டேட்டர் என்ற கம்பிச்சுருள் உண்டாக்குகிறது. எஞ்சின் மந்தமாகச் சுழன்றால் அந்த அளவு வராது, இன்ஜெக்டரும் சரியாகத் திறக்காது. காதுக்கு "சுத்துது" என்றுதான் கேட்கும். போதிய வேகத்தில் சுழல்கிறதா என்பதே கேள்வி.

ஒரு சாதாரண மல்டிமீற்றர் போதும். இரவு முழுக்க சும்மா இருந்த பற்றரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. பிறகு ஒருவர் சாவியைத் திருப்ப, மற்றவர் மீற்றரைப் பார்க்கவும். சுழலும்போது 9.5 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பற்றரியைச் சந்தேகியுங்கள். விழாவிட்டால் அதே அளவை எஞ்சின் பக்கத்தில், கேபிள் வந்து சேரும் இடத்தில் எடுங்கள். பற்றரியில் 10.8, எஞ்சினில் 9.6 என்றால் அந்த வித்தியாசம் கேபிளிலோ முனையிலோ தொலைகிறது. முனையைக் கழற்றிப் பார்த்தால் பச்சையாகப் பூத்திருக்கும். கையால் முறுக்கும் காது நட் போட்டிருந்தால் எடுத்துவிட்டு, ஸ்பானர் வைத்து இறுக்கும் அறுகோண நட் போடுங்கள். அலையில் படகு அடிபடும்போது காது நட் தளர்ந்துவிடும்.

பற்றரி வாங்கும்போது விலையை மட்டும் பார்க்க வேண்டாம். ஒப்டிமக்ஸ் எஞ்சினுக்கு மெர்க்குரி கேட்பது குறைந்தது 800 சிசிஏ (குளிரில் எஞ்சினைச் சுழற்றப் பற்றரி கொடுக்கக்கூடிய மின்னோட்டத்தின் அளவு). அந்த எண் பற்றரியில் ஒட்டிய சீட்டிலேயே இருக்கும். மீன் தேடும் கருவியையும் ட்ரோலிங் மோட்டரையும் (படகை மெல்ல நகர்த்தும் சின்ன மின் மோட்டர்) அதே பற்றரியில் கொளுவியிருந்தால், மத்தியானம் கரைக்குத் திரும்பும் நேரத்தில்தான் எஞ்சின் மறுக்கும். அவற்றுக்கு வேறு பற்றரி வையுங்கள்.

சரி, எஞ்சின் நல்ல வேகத்தில் சுழல்கிறது, அப்படியும் பிடிக்கவில்லை. அப்போது பெற்றோல் பக்கம் போகலாம். குழாயில் இருக்கும் ரப்பர் பம்பை, அதன் அம்புக்குறி மேலே பார்க்கும்படி நிமிர்த்திப் பிடித்து அமுக்குங்கள். சில அமுக்கில் கல் மாதிரி இறுக வேண்டும். எத்தனை அமுக்கினாலும் இறுகவில்லை என்றால் தாங்கிக்கும் பம்புக்கும் நடுவில் எங்கோ காற்று இழுக்கக்கூடும். ஓடும்போது பம்ப் சப்பையாகிப் போனால் பின்னால் அடைப்பு: தாங்கியின் காற்றுத் துளை மூடியிருக்கும், அல்லது தாங்கி வாயில் இருக்கும் வால்வு சிக்கியிருக்கும். பழைய குழாயைப் பற்றி ஒரு வார்த்தை. எதனோல் கலந்த பெற்றோல் குழாயின் உள்தோலை உரித்துவிடும். வெளியே பார்த்தால் புதுக் குழாய்தான், உள்ளே தோல் மடிந்து வழியை மூடியிருக்கும்.

குளிர்காலம் முழுக்கத் தாங்கியில் நின்ற பெற்றோலை நம்ப வேண்டாம். 10 சதவீத எதனோல் உள்ள பெற்றோல் ஏறக்குறைய அரைச் சதவீதம் தண்ணீரைத் தன்னுள் கரைத்து வைத்திருக்கும். அதற்கு மேல் போனால் எதனோலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். எஞ்சின் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதானே. தண்ணீர் பிரிக்கும் பில்டரைக் கழற்றி, அதில் இருப்பதை ஒரு கண்ணாடிப் போத்தலில் ஊற்றிச் சற்று நேரம் வையுங்கள். அடியில் கோடு போட்டது போல ஒரு படை தெரிந்தால் தாங்கியில் இருக்கும் பெற்றோல் முழுவதையும் வெளியே எடுக்க வேண்டியதுதான். பிரிந்ததை எந்த மருந்தும் திரும்பச் சேர்க்காது. எடுத்ததை வடிகாலில் ஊற்றாமல் நகரசபையின் அபாயக் கழிவு நிலையத்தில் கொடுங்கள். இந்த வேலையெல்லாம் திறந்த வெளியில், புகைபிடிப்பவர் யாரும் பக்கத்தில் இல்லாமல் செய்ய வேண்டும்.

ஒப்டிமக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. அந்த எஞ்சின் பெற்றோலைக் காற்றோடு சேர்த்துப் பாய்ச்சுகிறது. பெல்ட்டில் ஓடும் சின்னக் கொம்பிரசர் ஏறக்குறைய 80 பிஎஸ்ஐ (அமுக்கத்தின் அலகு) அமுக்கத்தில் காற்றைக் கொடுக்க, பெற்றோலின் அமுக்கம் அதைவிட 10 பிஎஸ்ஐ கூட நிற்கும். அந்தக் காற்று சேரச் சில சுற்று எடுக்கும், அது கோளாறல்ல. வழக்கத்தை விட நெடுநேரம் எடுத்தால் அமுக்க அளவுமானி வைத்துத்தான் பார்க்க வேண்டும். அது எங்கள் வேலை.

வசந்தத்தில் முதல் ஸ்ரார்ட்டில் புகை மண்டினால் பயப்பட வேண்டாம். இலையுதிர் காலத்தில் எஞ்சினுக்குள் விட்ட பாதுகாப்பு ஒயில் எரிகிறது. பிளக் நனைந்திருந்தால் மாற்றுங்கள், ஆனால் கண்டபடி இறுக்க வேண்டாம். ஈ-டெக்கில் பிளக்கின் வளைந்த கம்பி எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதற்கும் கணக்கு உண்டு. மெல்லிய ஓட்டத்தில் பெற்றோல் ஒரு சின்ன மேகமாகத்தான் வரும், பொறி அதைச் சந்திக்க வேண்டும்.

தயவுசெய்து செய்யக் கூடாத சில உண்டு. ஈதர் ஸ்பிரே அடிக்காதீர்கள். டூ-ஸ்ட்ரோக்கில் அது சிலிண்டர் சுவரின் ஒயிலைக் கழுவிவிடும், பிஸ்டன் உரசும். தண்ணீர்க் குழாய் மாட்டாமல் தரையில் ஓட விடாதீர்கள். ஸ்ராட்டரைத் தொடர்ந்து 10 செக்கனுக்கு மேல் சுழற்றாமல் ஆற விடுங்கள். முக்கியமாக, ஈ-டெக் இன்ஜெக்டர்களைச் சிலிண்டர் மாற்றிப் போட்டுப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் தனித்தனி அளவுக் கோப்பு உண்டு, அது எஞ்சின் கணினியில் அந்தந்தச் சிலிண்டருக்கென்று ஏற்றப்பட்டிருக்கிறது. இடம் மாற்றினால் கோப்பையும் மாற்றி ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் இருந்த ஒரு கோளாறு இரண்டாகும். யாரோ மாற்றிப் போட்டுப் பார்த்த எஞ்சின்கள் எங்களிடம் வருகின்றன. பாவம், அந்த எஞ்சின்களின் உரிமையாளர்கள் தேவையில்லாமல் செலவழிக்கிறார்கள்.

இவ்வளவும் பார்த்தும் சரிவரவில்லை என்றால் கொண்டு வாருங்கள். வரும்போது அளந்த வோல்ட் எண்களை ஒரு துண்டில் எழுதி வாருங்கள். குளிர்ந்திருக்கும்போது மட்டும் மறுக்கிறதா, ஓடி நிறுத்திய அரை மணி நேரத்தில் மறுக்கிறதா என்பதையும் எழுதுங்கள். அந்த ஒரு வரி எங்களுக்கு நேரத்தையும் உங்களுக்குக் காசையும் மிச்சமாக்கும். பற்றரியைக் கழற்றி வைத்துவிட்டு வர வேண்டாம், அதோடேயே பார்க்க வேண்டும். மே மாதத்தில் இடம் கிடைப்பது கஷ்டம், ஆகவே ஏப்ரலிலேயே ஒரு அழைப்பு எடுங்கள்.

அன்புடன்,
உங்கள் படகு எஞ்சின் கராஜ்,
ஸ்காபரோ